கும்பல் கொலைத் தடைச் சட்டம்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரிடம் இனி என்ன கேட்பது?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் எச்-1பி விசாவில் வசிக்கிறேன். "கும்பல் கொலையை ஃபெடரல் வெறுப்புக் குற்றமாக அறிவிக்க காங்கிரஸை வலியுறுத்துங்கள்" என்ற மனு வாட்ஸ்அப்பில் வந்தது. கையெழுத்துப் போடலாமா? குடியுரிமை இல்லாத நான் நேரடியாகக் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதலாமா? எப்படி எழுதினால் படிப்பார்கள்?

பதில்: அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம். அது கேட்கும் சட்டம் வந்துவிட்டது. 1955இல் மிசிசிப்பியில் கடத்திக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பெயரிலான கும்பல் கொலைத் தடைச் சட்டத்தில் அதிபர் பைடன் 2022 மார்ச் 29 அன்று கையெழுத்திட்டார். கீழவையில் 422-3 என்ற வாக்குகளிலும், செனட்டில் எதிர்ப்பே இல்லாமலும் நிறைவேறியது. செனட்டில் அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் உங்கள் மாநிலத்தின் செனட்டர் கோரி புக்கர்! அவர் முடித்துக்கொடுத்த வேலையை அவரிடமே மறுபடி கேட்டு மனு அனுப்பினால், அலுவலகத்தில் அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் உங்கள் அக்கறைக்கு வேலை இல்லாமல் போகவில்லை. எதைக் கேட்பது என்று முடிவுசெய்ய, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கொலை வழக்கை மாநிலமே நடத்த வேண்டும் என்பது அமெரிக்க முறை. தெற்கு மாநிலங்களில் உள்ளூர் ஷெரிஃபும் ஜூரியும் கும்பலின் பக்கம் நின்றதால்தான் ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், வேண்டும் என்ற கோரிக்கை பிறந்தது. வட கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி வைட் 1900இல் முதல் மசோதாவைக் கொண்டுவந்தார். மிசூரியின் உறுப்பினர் லியோனிடஸ் டயர் கொண்டுவந்த மசோதா 1922இல் கீழவையில் 231-119 என்று வென்றும், செனட்டில் வாக்கெடுப்பே வராதபடி பேசிப் பேசியே கொல்லப்பட்டது. இப்படி 200க்கும் மேற்பட்ட மசோதாக்கள் வீழ்ந்தன. சட்டம் இல்லாததன் விலை 1964இல் மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டியில் தெரிந்தது. கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடிய குடிமை உரிமை இயக்கத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டும் மாநிலம் அப்போது கொலை வழக்கே போடவில்லை. பழைய 'உரிமைகளுக்கு எதிரான சதி' என்ற பிரிவில் ஃபெடரல் அரசு வழக்கு நடத்தி 1967இல் ஏழு பேருக்குத் தண்டனை வாங்கித் தந்தது. மூன்று முதல் பத்து ஆண்டுகள், அவ்வளவுதான்.

2022 சட்டம் தனியாக நிற்கும் பெரிய சட்டம் அல்ல. வெறுப்புக் கொலைக்குப் பலியான இருவரின் பெயரில் 2009இல் வந்த ஷெப்பர்ட்-பேர்ட் வெறுப்புக் குற்றச் சட்டத்தில், அதாவது ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு 249ஆம் பிரிவில், சேர்க்கப்பட்ட சில வரிகள். இனம், மதம், பிறந்த நாடு, பாலினம், மாற்றுத்திறன் போன்றவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைக் காயப்படுத்துவது 2009 முதலே ஃபெடரல் குற்றம். பத்தாண்டு வரை சிறை, உயிர் போனால் ஆயுள் வரை. புதிய வரிகள் சொல்வது: அந்தக் குற்றத்தைச் செய்யக் கூடிச் சதி செய்து, அதனால் மரணமோ கடுமையான காயமோ நேர்ந்தால், சதியில் இருந்தவருக்கு 30 ஆண்டு வரை சிறை. கை வைக்காமல் திட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தவரும் இதில் மாட்டுவார். அதற்கு முன் பொதுவான சதிப் பிரிவில் ஐந்தாண்டுதான் அதிகபட்சம். 'கடுமையான காயம்' என்ற சொல்லுக்கும் பின்கதை உண்டு. சிறு சிராய்ப்புக்கும் கும்பல் கொலைச் சட்டம் பாயும் என்று சொல்லி 2020இல் செனட்டர் ராண்ட் பால் மசோதாவை நிறுத்தி வைத்திருந்தார். வரம்பை உயர்த்திய பிறகு அவரே ஆதரித்தார். உங்களுக்கு வந்த மனு அந்த நேரத்துச் சரக்கு போலிருக்கிறது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சதிக்கு இரண்டு பேராவது வேண்டும். 2017இல் கன்சாஸ் ஒலேதியில் இந்தியப் பொறியாளரைச் சுட்டுக் கொன்றதைப் போலத் தனி ஆள் செய்யும் கொலை, பழைய 249இல் வருமே தவிர இதில் வராது. அடுத்து, 249இல் எந்த வழக்கு போடுவதானாலும் நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலோ அவர் நியமித்தவரோ எழுத்துப்பூர்வமாகச் சான்று தர வேண்டும். ஆக, சட்டம் எவ்வளவு ஓடும் என்பது நீதித் துறையின் மனதைப் பொறுத்தது.

இப்போது உண்மையான ஓட்டை எங்கே என்று பார்ப்போம். எங்கள் பார்வையில் அது புள்ளிவிவரம். வெறுப்புக் குற்றங்களை எண்ணச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் எஃப்பிஐயைத்தான் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர் காவல் துறை தகவல் தருவது அவர்கள் இஷ்டம். தகவல் தரும் பல துறைகளும் 'பூஜ்யம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகின்றன. துல்சாவில் 2016இல் கொல்லப்பட்ட காலித் ஜபாரா, சார்லட்ஸ்வில்லில் 2017இல் கார் ஏற்றிக் கொல்லப்பட்ட ஹெதர் ஹேயர், இருவர் வழக்கும் வெறுப்புக் குற்றமாகவே நடந்தன. ஆனாலும் எஃப்பிஐ கணக்கில் இரண்டும் ஏறவில்லை. அவர்கள் பெயரிலான சட்டம் 2021 மே மாதம் கோவிட் வெறுப்புக் குற்றச் சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறியது. அது காவல் துறைகளைக் கட்டாயப்படுத்தாது, பதிவு முறையைச் சீர்செய்ய மானியம் தரும். அந்தப் பணத்தைக் காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் உண்டு.

எனவே உங்கள் கடிதம் கேட்க வேண்டியது: அந்த மானியத்துக்கு முழு ஒதுக்கீடு, ஃபெடரல் நிதி பெறும் காவல் துறைகள் வெறுப்புக் குற்றத் தகவலைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கடிதத்தில் ஐந்து கோரிக்கை வைத்தால், எந்த உதவியாளர் மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் பொதுவான பதில் ஒன்று வரும். தென் கரோலினா, வயோமிங் போன்ற மாநிலங்களில் மாநில வெறுப்புக் குற்றச் சட்டம் இல்லாத குறையை உங்கள் உறுப்பினரால் தீர்க்க முடியாது. அது அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. அங்கே வசிப்பவர்கள் எழுதினால்தான் எடுபடும்.

நீங்கள் எழுதலாமா? தாராளமாக. அரசிடம் முறையிடும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியது அல்ல. தொகுதியில் வசிக்கிறவர் என்பதே போதும். ஆனால் தேர்தல் பிரசாரத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்கு அது ஃபெடரல் குற்றம். உறுப்பினரின் பிரசாரத் தளமும் அலுவலகத் தளமும் வேறு வேறு. பிரசாரத் தளத்தில் போய் 'ஆதரவு' பொத்தானை அழுத்தினால் நன்கொடைப் பக்கம் திறக்கும், கவனம். உங்கள் கம்பெனி மின்னஞ்சலையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கீழவைத் தளத்தில் ஜிப் கோடைப் போட்டால் உங்கள் உறுப்பினர் யார் என்று வரும். நியூ ஜெர்சியில் 12 தொகுதிகள். ஒரே ஜிப் கோடு இரண்டில் வரலாம் என்பதால் கூடுதல் நான்கு இலக்கத்தையும் சேருங்கள். பிறகு காங்கிரஸ்.கவ் தளத்தில் மசோதா எண்ணைத் தேடுங்கள். நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு காங்கிரஸும் இரண்டே ஆண்டு. அதற்குள் நிறைவேறாத மசோதா இறந்துவிடும், அடுத்த முறை வேறு எண்ணில் வரும். 2025 ஜனவரியில் தொடங்கிய 119ஆவது காங்கிரஸ் 2027 ஜனவரி 3 வரை. பழைய எண்ணை எழுதினால் இல்லாத மசோதாவைக் கேட்டவராவீர்கள். பொருத்தமான மசோதா எதுவும் இல்லையென்றால் எண் இல்லாமலே ஒதுக்கீட்டைக் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் வரியில் முகவரியோடு நீங்கள் தொகுதிவாசி என்று சொல்லுங்கள். இரண்டாவது வரியில் கோரிக்கை. பிறகு காரணம்: ஜபாரா-ஹேயர் உதாரணத்தை இரண்டு வரியில் எழுதலாம், உங்கள் ஊரில் நடந்த, உங்களுக்கு நேரில் தெரிந்த சம்பவம் இருந்தால் அதைவிட நல்லது. கடைசியில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். அமைப்புகள் தரும் ஆயத்தக் கடிதத்தை அப்படியே ஒட்டினால், ஒரே மாதிரியானவற்றை ஒரு கட்டாக எண்ணி ஒரே பதிலை அனுப்பிவிடுவார்கள்.

வாஷிங்டனுக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். 2001இல் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி வைத்து அனுப்பப்பட்ட கடிதங்களுக்குப் பிறகு அங்கே போகும் தபால் பரிசோதனை முடிந்து வந்து சேரத் தாமதமாகும். இணையப் படிவம் போதும். காகிதம்தான் வேண்டுமென்றால் தொகுதி அலுவலகத்துக்கு. நிதி ஒதுக்கீடு பற்றி என்றால் காலம் முக்கியம். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கினாலும் உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளை நிதி ஒதுக்கீட்டுக் குழுவிடம் தருவது பொதுவாக மார்ச், ஏப்ரலில். செப்டம்பரில் எழுதினால் பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதைதான்.

மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் கேப்பிடல் தொலைபேசி மையத்தை 202-224-3121 என்ற எண்ணில் அழைத்து உறுப்பினர் அலுவலகத்தைக் கேளுங்கள். எடுப்பவரிடம் நீதித் துறை விவகாரங்களைப் பார்க்கும் உதவியாளரின் பெயரைக் கேட்டு, அடுத்த கடிதத்தை அவர் பெயருக்கே எழுதுங்கள்.