காலம் முழுவதும் ஸ்டெனோவாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண் யாரையாவது நெருக்கமாக அறிவீர்களா?

அறிவேன். கனடாவின் சஸ்கடூன் நகரில் எனக்கு வீடு வாடகைக்கு விட்டவர் அவர். 1998-இல் நான் படிக்கப் போனபோது அவருக்கு வயது 81. அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை, கடைசிவரை 'மேடம்'தான்.

குடியேறிய மூன்றாம் நாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோடு போட்ட தாளைப் பார்த்தேன். பிட்மன் சுருக்கெழுத்து! ஊரில் சுருக்கெழுத்தில் ஹையர் பரீட்சை பாஸ் செய்த திமிரில் உரக்கப் படித்தேன்: "முட்டை, பல்பு, பேட்டர்." பின்னாலிருந்து குரல் வந்தது: "பேட்டர் இல்லை, பட்டர். எங்கே உட்கார்ந்திருக்கிறது பார்." வேகமாக எழுதும்போது உயிரொலிகளை விட்டுவிடுவதால் மூன்று சொல்லுக்கும் ஒரே வடிவம்தான், தாளின் கோட்டில் அது இருக்கும் இடம்தான் எந்தச் சொல் என்று சொல்லும்: கோட்டுக்கு மேலே மிதந்தால் பேட்டர் (மாவுக் கரைசல்), கோட்டின் மேல் உட்கார்ந்தால் பட்டர் (வெண்ணெய்), கோட்டை வெட்டிக்கொண்டு இறங்கினால் பிட்டர் (கசப்பு). எங்கள் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் தலையில் குட்டிச் சொல்லித் தந்ததேதான். அன்றிலிருந்து மாலைத் தேநீர் அவர் வீட்டில்.

அவருடைய அப்பா 10 டாலர் கட்டி அரசிடம் 160 ஏக்கர் புல்வெளி வாங்கியவர். மூன்று வருடம் அங்கேயே குடியிருக்க வேண்டும், உழுது காட்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும். அதன் பிறகே பட்டா. அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த க்ரீ மக்களோடு 1876-இல் ஒப்பந்தம் போட்டுத்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதே 1876-இல்தான், குடும்பத் தலைவியாக இல்லாத பெண் இப்படி நிலம் கேட்க முடியாது என்றும் சட்டத்தைத் திருத்தினார்கள். விதவை கேட்கலாம், கல்யாணமாகாத பெண் கேட்க முடியாது. புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிய வீட்டில் பிறந்த இவர், பத்து வயதிலேயே ஏர்க் குதிரைகளை ஓட்டியவர். நிலம் போனதென்னவோ தம்பிக்கு.

முப்பதுகளில் மழை பொய்த்தது, புழுதிக் காற்று அடித்தது, கோதுமை விலையும் விழுந்தது. கிழக்குக் கடற்கரையிலிருந்து நிவாரணமாக உப்புக்கண்டம் போட்ட மீன் வந்ததாம். கடலையே பார்க்காத சனம், அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்களாம். "கோழிகூடச் சீண்டவில்லை" என்றார். கருவாட்டை இப்படிப் பாழாக்கினார்களே என்று என் வயிறு எரிந்தது. கத்திரிக்காய் போட்டு ஒரு குழம்பு வைத்திருக்கலாம்.

1935-இல், அம்மா முட்டை விற்றுச் சேர்த்த காசோடு சஸ்கடூனுக்கு வந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தார். பிறகு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. ஐந்து கார்பன் தாள் வைத்து அடிக்கும்போது ஒரு பிழை வந்தால் ஆறு இடத்தில் அழிக்க வேண்டும். அதனால் பிழையே விடாமல் பழகிக்கொண்டேன் என்பார், ஏதோ சாதாரண விஷயம்போல.

கல்யாணம்? 1946-இல் ஒருவர் கேட்டிருக்கிறார். மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண், தாலி ஏறிய கையோடு ராஜினாமா எழுத வேண்டும் என்ற காலம் அது. (தாலி என்பது என் சொல், அவர் மோதிரம் என்றார்.) வேலையை விட மனமில்லை. அந்த விதியை 1955-இல்தான் எடுத்தார்கள். அப்போது இவருக்கு 38. கேட்டவருக்கு அதற்குள் மூன்று பிள்ளைகள்.

வீடு வாங்கக் கடன் கேட்டபோது ஆண் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்றார்களாம். தம்பியிடம் போகாமல் ஆறு வருடம் சேர்த்து, ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். நான் கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் 'மணமாகாதவர்' என்றும், அதையடுத்து 'ஸ்டெனோகிராஃபர்' என்றும் இருந்தது. வக்கீல் அலுவலகத்தில் அடித்த தாளில் முதல் சொல் மட்டும்தான் இருந்ததாம். போதாக்குறைக்கு இரண்டு எழுத்துப் பிழை. "நகரு" என்று அங்கிருந்த பெண்ணை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து முழுப் பத்திரத்தையும் அடித்திருக்கிறார்.