பிக்கப் மாற்றப் போகிறீர்களா? கித்தார் கேள்வி – பதில்

ஸ்ட்ராட் வகை கித்தார், மூன்று பிக்கப்புமே (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம்) சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டால் வாசிப்புக்கு முன்னால் இரைச்சல்தான் கேட்கிறது. மரத்தை வெட்டாமல் மெட்டல் வாசிக்க எந்த பிக்கப் போடலாம்? (காரைக்குடி வாசகர்)

முதலில் வீட்டின் எர்த்தைப் பாருங்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தாலும் உள்ளே எர்த் வயர் இல்லாமல் இருக்கலாம். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கித்தாரின் கிரவுண்ட் இணைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தொடும்போது கையில் சுருக்கென்று அடித்தால் ஆம்பை உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது உயிர் விஷயம், எந்த பிக்கப்பும் இதைச் சரிசெய்யாது.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் வந்தால், சிங்கிள் காயில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்கிறது. ஹம்பக்கர் வகை பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைந்திருப்பதால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, கம்பியின் ஒலி மட்டும் கூடுகிறது. கிப்சன் கித்தார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஏற்பாடு இது. சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது. சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஹாட் ரெயில்ஸை பிரிட்ஜ் இடத்தில் (கம்பிகள் உடலில் முடியும் பக்கம்) போட்டால் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் தடை) 250 கே, அதாவது 250 கிலோ ஓம், ஆக இருந்தால் ஒலி சற்று மழுங்கும். 500 கே போட்டால் திறக்கும், ஆனால் மற்ற இரண்டு சிங்கிள் காயிலும் கொஞ்சம் கூர்மையாகும். மெட்டல்தான் பிரதானம் என்றால் 500 கே போடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது வயர் நிறத்தில்தான். சீமோர் டங்கனில் கறுப்பு ஸ்விட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி டேப், பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்டுக்கு. இன்னொரு நிறுவனமான டிமார்சியோவில் சிவப்புதான் ஸ்விட்சுக்குப் போகும், கறுப்பும் வெள்ளையும் சேரும். நடு பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் ஃபேஸ் (அலையின் திசை) எதிராக மாறிவிட்டது. டங்கனில் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், வெற்றுக் கம்பி கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

கிரவுண்ட் வயரைப் பற்றவைக்க, வால்யூம் பாட்டின் முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, 40 வாட் சால்டரிங் அயர்னால் சில நொடிகளில் பற்றவைத்து எடுங்கள். சிறிய அயர்னை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் பாட்டின் உள்பாகம் வெந்துவிடும்.

16 கிலோ ஓம் பிக்கப், 8 கிலோ ஓமைவிட இரு மடங்கு சத்தம் தருமா? ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும் பிக்கப்) வாங்கலாமா? டிராப் சி-யில் (கம்பிகளின் சுருதியை இறக்கி) வாசிக்கிறேன். (தேவகோட்டை வாசகர்)

தராது. ஓம் என்பது செம்புக் கம்பியின் தடை, அவ்வளவுதான். அதே எண்ணிக்கைச் சுற்றை மெல்லிய கம்பியில் சுற்றினாலே ஓம் ஏறிவிடும். காந்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். டங்கன் ஜேபி சுமார் 16 கிலோ ஓம், அல்நிகோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம். நடுத்தர ஸ்வரங்கள் முன்னுக்கு வரும், ராக் லீடுக்கு அருமை. டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 14-க்கும் குறைவு, செராமிக் காந்தம், ஆனால் ஒலி வலுவில் சளைத்ததல்ல. கம்பியை இவ்வளவு இறக்கி பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி) அடிப்பவருக்கு அடித்தொனி குழையாமல் நிற்க வேண்டும். உங்களுக்கு செராமிக்தான் என் தேர்வு.

ஈ.எம்.ஜி. நிறுவனத்தின் 81 போன்ற ஆக்டிவ் இன்னும் இறுக்கம், இரைச்சலும் குறைவு. ஆனால் 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடம், 25 கே பாட்கள், ஸ்டீரியோ ஜாக் எல்லாம் வேண்டும். பழைய 500 கே பாட்டை விட்டுவைத்தால் வால்யூம் சுவிட்ச் மாதிரி சட்டென்று எகிறும். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீரும்.

வாங்கும் முன் பிக்கப் இடத்தில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சுமார் 50 மி.மீ. என்றால் சாதா, 53-ஐ நெருங்கினால் எஃப்-ஸ்பேஸ்டு எனும் அகல வகை.

பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஒத்திகை பார்க்கிறோம். புது பிக்கப் கீச்சென்று கத்துகிறது. (கானாடுகாத்தான் வாசகர்)

வால்யூமைக் கூட்டி வைத்து, பிக்கப்பைப் பேனாவால் தட்டுங்கள். மைக்கில் தட்டியதுபோல் பலமாகக் கேட்டால் சுருளில் மெழுகு ஏறவில்லை; வின்டேஜ் வகைகளில் இது சகஜம், ஹை கெயினுக்கு (டிஸ்டார்ஷன் அதிகம் வைத்து வாசிப்பதற்கு) ஆகாது. மெழுகு தீப்பற்றும், சுருள் சுற்றியிருக்கும் பாபினும் உருகும், வீட்டு அடுப்பில் செய்யவே வேண்டாம். கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தட்டும் சத்தம் இல்லையென்றால் காரணம் கூடம். ஆத்தங்குடித் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். ஆம்புக்கு முன்னால் ஜமுக்காளம் விரியுங்கள், கெயினைக் குறையுங்கள், ஆம்பைப் பார்த்து நிற்காதீர்கள். கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) கம்பியை அழுத்தி, பிரிட்ஜ் பிக்கப்புக்கு 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.