சிலோன் தெரிந்தது, சென்னை தெரியவில்லை

கேள்வி: அண்ணாச்சி, உவரியில் எங்க ஆச்சி வீட்டில் சென்னை டி.வி.க்கு முன்பே சிலோன் ரூபவாகினி தெரிந்ததாம். கடல் தாண்டி அது எப்படி வந்தது? (வாசகி, வள்ளியூர்)

பதில்: ஆச்சி சொன்னது நெசம்தான் தாயி. அந்தக் கரையில் ஆன்டெனா கட்டிப் பிழைத்தவன் நான்.

சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. ரூபவாகினி 1982 பிப்ரவரியில்தான் வந்தது. பிந்திப் பிறந்தது முந்திக்கொண்டதற்குக் காரணம் ஒரு மலை. டி.வி. அலை நேராக ஓடும். பூமியின் வளைவுக்கு அவ்வளவாக வளைந்து கொடுக்காது. உவரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சிலோன்காரர்களோ 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிதுருதலாகல மலையிலிருந்து ஒளிபரப்பினார்கள். நமக்கும் அதற்கும் 350 கிலோமீட்டர் இருக்கும். பெரும்பகுதி கடல், மறிக்க ஆளில்லை. காற்றடங்கிய சித்திரை ராத்திரியில் கடல்மேல் சூடும் குளிருமாகக் காற்று அடுக்கு கட்டினால், அலை அதற்குள் புகுந்து இன்னும் தெளிவாக வரும். ஆடிக் காற்றில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

30 அடி பைப், மூன்று பக்கம் இழுத்துக் கட்டின கம்பி, உச்சியில் பூஸ்டர். உப்புக்காற்றில் வருஷம் திரும்புமுன் அலுமினியக் குச்சி வெளுத்துப் பொடியும்; திரும்பவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டு ஆச்சி, அறிவிப்பாளர் ‘ஆயுபோவன்’ என்று கைகூப்பியதும் தானும் எழுந்து கும்பிடுவாள். “வந்த பிள்ள கும்பிடுது, நாம சும்மாவா இருக்கது?”

1984-ல் நாடெங்கும் சின்னச் சின்ன ஒளிபரப்பிகள் வந்தன. எட்டுவது 25 கிலோமீட்டர். அதிலும் செயற்கைக்கோள் வழியே வந்த டெல்லி நிகழ்ச்சிதான். இந்திக்குச் சிங்களமே தேவலாம் என்றார்கள் எங்க ஆட்கள். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ கிடைத்தது. அப்போதும் சிலோனை விட மனசில்லாதவர்கள் ஒரே பைப்பில் ரெண்டு ஆன்டெனா கட்டச் சொன்னார்கள்: ஒன்று வடக்கே, ஒன்று தென்கிழக்கே. எனக்கென்ன, ரெட்டைக் கூலி.

கேள்வி: நம்ம பொதிகை மலையின் பேரைத் தூர்தர்ஷன் தமிழ் டி.வி.யிலிருந்து எடுத்துவிட்டார்களே, வருத்தமில்லையா? (வாசகர், பாபநாசம்)

பதில்: இருக்கு. 2024 ஜனவரி 19 முதல் அது ‘டிடி தமிழ்’. வீட்டில் மட்டும் இன்னமும், “பொதிகையில செய்தி போடுங்க” என்றுதான் சத்தம் வருது.