நீலக் கடலில் மீன் ஏன் குறைவு?

கேள்வி: வெப்பமண்டலக் கடல் கண்ணாடி மாதிரித் தெளிந்து நீலமாக இருக்கிறதே, அங்கேதானே உயிர்கள் அதிகம் இருக்க வேண்டும்?

பதில்: நேர் எதிர். ஆழ்கடல் பரப்பில் நீரைப் பச்சையாக்குவது தாவர பிளாங்டன்கள், அதாவது நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள். கடலின் உணவுச் சங்கிலி பெரும்பாலும் அவற்றில்தான் தொடங்குகிறது. நீர் பளிச்சென்று நீலமாக இருந்தால் அவை குறைவு என்று பொருள். சுற்றுலாப் படங்கள் இதைச் சொல்வதில்லை!

வெயிலுக்குக் குறைவில்லை, சத்துக்குத்தான் பஞ்சம். செத்த உயிர்களும் கழிவும் அடியில் இறங்கும்போது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடவே போய்விடுகின்றன. மேல்நீர் ஆண்டு முழுக்கச் சூடாக, லேசாக இருப்பதால் அடியிலுள்ள குளிர்ந்த, கனத்த நீரோடு கலப்பதில்லை. பெரு நாட்டுக் கரையில் காற்று மேல்நீரை விலக்கித் தள்ள, அடிநீர் மேலேறுகிறது; நெத்திலி அங்கே குவிவது அதனால்தான். எல் நினோ (பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) வந்தால் சூடான நீர்ப்படலம் தடித்துவிடும். அப்போது மேலேறும் நீரில் சத்து இருக்காது, மீன்பாடு சரிந்துவிடும். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலின் கதை வேறு: நைட்ரேட் ஏராளம், இரும்புதான் போதாது.

கேள்வி: நீரின் தெளிவை நாமே அளக்க முடியுமா?

பதில்: முடியும். இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865-ல் சோதித்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 30 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தட்டின் அடியில் எடை கட்டி, 50 செ.மீ.க்கு ஒரு குறியிட்ட கயிற்றில் இறக்குங்கள். நனைந்தால் நீளும் கயிறு வேண்டாம். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள், படகின் நிழல் பக்கத்தில், குளிர்கண்ணாடி இல்லாமல் பாருங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். நீரோட்டம் கயிற்றைச் சாய்த்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும், எடையை அதிகமாக்குங்கள். முகத்துவாரத்தில் கலங்கலுக்கு வண்டல் காரணமாகலாம், அதைப் பிளாங்டன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வெளுத்த பவளம் செத்துவிட்டதா?

பதில்: உடனே இல்லை. கோடை உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரம் நீடித்தாலே, திசுவுக்குள் வாழும் பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறமும் உணவின் பெரும்பங்கும் அதோடு போய்விடுகின்றன. உயிருள்ள கிளையில் வெள்ளைக் கூட்டின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதை தெரியும். செத்ததில் வெறும் கூடுதான்; விரைவில் அதன்மேல் பாசி படர்ந்துவிடும். உணர்கொம்பு தெரியவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், பல இனங்கள் அதை இரவில்தான் நீட்டும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பவளம் பிழைக்க வழியுண்டு.