டிஸ்கவரி இழந்த சிறகுகள்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு சென்ற வாரம் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பார்த்தேன். அதில் வரும் டிஸ்கவரி விண்கலத்தைப் பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் செய்யப்போகிறாள். ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலை முன்பு படித்த நினைவில், "கதையில் இந்தக் கலத்துக்குச் சிறகு உண்டு" என்று சொல்லிவிட்டேன். "காத்தே இல்லாத எடத்துல சிறகு எதுக்குப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விண்வெளிப் படங்களிலேயே அறிவியல் பிசகாத படம் இதுதான், அதில் இல்லையென்றால் தேவையில்லை என்றே பொருள் என்கிறார் அலுவலக நண்பர். படம் நாவலைத் திருத்தியதா, தானே தவறியதா?

க.மு., திண்டுக்கல்

*

அன்புள்ள க.மு.,

தவறியது. அந்தப் படத்தைப் பலமுறை பார்த்து நேசிப்பவனாகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் கேள்வி அருமையான கேள்வி. படக்குழு அஞ்சியதும் அதே கேள்விக்குத்தான். நாவலில் வருபவை பறப்பதற்கான சிறகுகள் அல்ல, ரேடியேட்டர்கள். கலத்தின் பின்கோடியில் அணு உலை இருக்கிறது. உலையில் மிஞ்சும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் திரவம் அந்தத் தகடுகளுக்குக் கொண்டுவரும், தகடுகள் அதை வெளியே வீசிவிடும். அவற்றில் ஓடும் குழாய்களைக் கண்டு கிளார்க்குக்குப் பெரியதொரு தட்டானின் சிறகு நினைவுக்கு வருகிறது.

விண்வெளி கடுங்குளிர், சூடு தானாகப் போய்விடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். வீட்டு பிளாஸ்க்கைப் பாருங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம், அதனால்தான் காபி மணிக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. விண்கலம் அந்தக் காபியைப் போல. சூட்டை வாங்கிக்கொண்டு போகச் சுற்றிலும் காற்றில்லை, நீரில்லை. கதிர்வீச்சு ஒன்றே வழி, அதுவோ மந்தமான வழி. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பு ஏறத்தாழ 460 வாட்தான் வீசும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே 100 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறது என்றால், ஓர் அணு உலைக்கு எவ்வளவு பரப்பு வேண்டும்! அதனால் உலையின் தகடுகளை மிகவும் சூடாகவே இயக்குவார்கள். தனிவெப்பநிலை (கெல்வினில் அளக்கும் வெப்பநிலை) இரட்டிப்பானால் வீச்சு 16 மடங்காகும். அப்போதும் தகடுகள் கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாகத்தான் இருக்கும்.

இது கதைக்காரர்களின் கற்பனைச் சிக்கல் அல்ல. சர்வதேச விண்வெளி நிலையத்தின் படங்களில் சூரியத் தகடுகளோடு வெள்ளை நிறத்தில் மடிப்பு மடிப்பாக நீண்டு நிற்பவை அமோனியா ஓடும் ரேடியேட்டர்கள். பழைய ஸ்பேஸ் ஷட்டிலில் சரக்கறைக் கதவுகளின் உட்புறத்தில் அவை இருந்தன. சுற்றுப்பாதையை அடைந்ததும் கதவைத் திறந்தாக வேண்டும், திறக்க முடியாவிட்டால் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு பூமிக்குத் திரும்ப வேண்டும். 1973 மே மாதம் ஏவப்பட்ட அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப் தன் வெயில் மறைப்பை ஏறும்போதே இழந்தது. உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. முதல் குழுவினர் போய்க் குடைபோல ஒன்றை விரித்த பிறகுதான் அங்கே தங்க முடிந்தது.

மற்ற விஷயங்களில் அந்தப் படம் காட்டிய கவனத்தை நினைத்தால் எனக்கு இந்தக் குறை இன்னும் வலிக்கிறது. டிஸ்கவரிக்கு ஏன் அவ்வளவு நீளமான முதுகெலும்பு? உலையின் கதிரிலிருந்து மனிதர்களைத் தள்ளி வைக்க. ஆட்கள் இருக்கும் பகுதி ஏன் கோளம்? உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தாங்க அதைவிட நல்ல வடிவம் இல்லை. வெளியே ஓசையே கிடையாது. சுழற்சியால் ஈர்ப்பை உண்டாக்கும் உருளையைச் சுமார் 38 அடி விட்டத்தில் உண்மையாகவே கட்டிச் சுழலவிட்டார்கள். அதில் ஓடுபவரின் நடை பூமியில் ஓடுவது போல இருக்கிறது. நாவலிலோ பத்து நொடிக்கு ஒரு சுற்று, நிலவின் ஈர்ப்பு அளவே கிடைக்கும். அந்த விட்டத்தில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமானால் நிமிடத்துக்கு 12 சுற்று சுற்ற வேண்டும், தலை கிறுகிறுத்துவிடும். இதை நான் குற்றமாக எண்ணவில்லை. படம் பிடித்தது பூமியில்தானே.

இன்னொரு மாற்றத்தையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். நாவலில் கலம் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நிற்கிறது. சனியின் வளையங்களை நம்பும்படி உருவாக்க அன்று முடியவில்லை. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அரைகுறை வளையத்தைக் காட்ட மனமில்லாமல் கோளையே மாற்றினார். அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அதே மனிதர், பார்ப்பவர்கள் விமானத்தை நினைத்துக்கொண்டு இறக்கை என்பார்களே என்று சரியாக இருந்த ரேடியேட்டர்களை எடுத்துவிட்டார். சரியாகக் காட்ட முடியாததை விட்டது நேர்மை. சரியானது தவறாகத் தெரியுமே என்று மறைத்ததை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாவலுக்கு ஒரு வாக்கியம் போதும், படத்தில் விளக்கம் சொல்ல இடமில்லை என்பீர்கள். ஒரு தகட்டில் மங்கிய செந்நிறம் தெரிந்தால் கண்ணே புரிந்துகொள்ளும். 2009-இல் வந்த 'அவதார்' படத்தின் கலத்துக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர்கள்! திரையரங்கில் என் பக்கத்தில் யாரும் குழம்பவில்லை.

வருத்தம் என்னவென்றால், படம் சொன்னதே நிலைத்துவிட்டது. கிளார்க் அடுத்த நாவலைப் படத்தின் வழியிலேயே வியாழனில் தொடங்கினார். 1984-இல் அது படமானபோது டிஸ்கவரியின் பழைய மாதிரிகள் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. முதல் படத்தின் காட்சிகளைப் பார்த்தே புதிதாகச் செய்தார்கள், மறுபடியும் சிறகில்லாமல்.

உங்கள் மகள் செய்வதில் சிறகு இருக்கட்டும். எண்ணெய்த் தொட்டிகளைப் போல நான்கு ஹைட்ரஜன் தொட்டிகள், அவற்றுக்கும் உலைக்கும் நடுவே இரண்டு தகடுகள். தகடுகளை நேருக்கு நேர் வைக்க வேண்டாம், ஒன்று விடும் சூட்டை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். V வடிவில் நன்றாக விரித்து ஒட்டச் சொல்லுங்கள். உலைப் பக்கம் குறுகி, தொட்டிப் பக்கம் அகன்று இருந்தால் உலையின் முன்னால் உள்ள கதிர்த் தடுப்பின் நிழலுக்குள்ளேயே தகடுகள் அடங்கும். குழாய்களுக்குச் சிவப்பு நூல் நன்றாக இருக்கும். செய்து முடித்ததும் படம் எடுத்து அனுப்புங்கள்.