பொருள் விற்காத கடை: ஆய்வுக்கான ஆன்லைன் கடைகள் பற்றிச் சில கேள்விகள்

மக்கள் எதை, எப்படித் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள் என்று ஆராயும் குழுக்களுக்கு மாதிரி ஆன்லைன் கடைகள் கட்டித் தருவது சில வருடங்களாக என் வேலை. எங்களுக்குள் 'டம்மி கடை' என்போம். பார்க்க நிஜக் கடை போலவே இருக்கும், ஆனால் எந்தப் பொருளும் வீட்டுக்கு வராது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (பொருளியல் ஆய்வு மாணவி, கோவை): இதற்கு ஏன் கடை? சர்வே போதாதா?

'சத்தான பொருளாகப் பார்த்து வாங்குவீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடையில் விட்டுப் பார்த்தால் கதை வேறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு மாதிரி சூப்பர்மார்க்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பத்துப் பொருள் பட்டியலைக் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். சிலருக்கு நிறைவுற்ற கொழுப்பு குறைந்த பொருட்கள் மேலே வரும்படி வரிசையை மாற்றினார்கள். சிலருக்கு 'இதற்குப் பதில் இதை எடுக்கலாமே' என்று யோசனை காட்டினார்கள். 2019இல் வெளிவந்த முடிவில், யோசனை சொன்னதைவிட வரிசையை மாற்றியதுதான் அதிகம் வேலை செய்திருந்தது. 'மேலே இருந்தது, அதனால் எடுத்தேன்' என்று எந்த சர்வேயில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

கேள்வி: எனக்கு வேர்ட்பிரஸ் தளத்தில் கடை கட்டும் மென்பொருளான வூகாமர்ஸ் தெரியும். அதிலேயே கட்டலாமா?

தாராளமாக. ஆனால் சேர்ப்பதைவிடக் கழிப்பதில்தான் வேலை அதிகம். பணம் செலுத்தும் பகுதி, 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' பட்டி, மின்னஞ்சல் நினைவூட்டல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் பேஜ் கேச். நிஜக் கடைக்கு அது வரம், நமக்கு வினை. முதலில் வந்தவருக்குக் காட்டிய பக்கத்தையே சேமித்து வைத்து அடுத்தவருக்கும் கொடுத்துவிடும். பங்கேற்பாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து வேறு வேறு விலை காட்டினால், 'அ' குழுவுக்கான விலையை 'ஆ' குழு பார்த்துவிட்டுப் போயிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கூகுள் தேடலில் கடை வராதபடி மறைக்கவும் மறக்காதீர்கள். மளிகை சம்பந்தமான ஆய்வு என்றால் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஓப்பன் சயின்ஸ் ஆன்லைன் குரோசரி' என்ற கருவியை முதலில் பாருங்கள். ஒரே பக்கத்தில் இருபது பொருள்தான் என்றால் கடையே வேண்டாம், இணையவழி ஆய்வுகள் நடத்த உதவும் ஓட்ரீ (oTree) மென்பொருளில் எழுதிவிடலாம்.

கேள்வி: எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

இங்கேதான் நான் அடிபட்டேன். என் முதல் கடையில் ஒவ்வொருவருக்கும் பொருள் வரிசையைக் கலைத்துப் போட்டேன், அதுவரை சரி. யாருக்கு எந்த வரிசை காட்டப்பட்டது என்பதைச் சேமிக்கவில்லை. கூடையில் விழுந்தது தெரிகிறது, அது எந்த இடத்தில் இருந்து விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டு வார வேலை குப்பைக்குப் போனது.

அதனால் முதலில் 'என்ன காட்டினோம்' என்பதை எழுதி வையுங்கள்: வரிசை, விலை, படம், எந்தக் குழு. கிளிக்கெல்லாம் அதற்குப் பிறகு. திரை அளவும் வேண்டும். போனில் முதல் பார்வைக்கு இரண்டு பொருள் தெரியும், லேப்டாப்பில் எட்டு தெரியும். கூடையில் போட்டு எடுத்தவை, தேடல் பெட்டியில் தட்டியவை, பின்னால் போனது, இரண்டு பிரவுசர் டேப்களில் கடையைத் திறந்து வைத்தது எல்லாம் சேரட்டும். நேரத்தை சர்வர் கடிகாரத்தில் குறியுங்கள். பங்கேற்பாளரின் போன் கடிகாரத்தை நம்ப முடியாது.

கேள்வி (உளவியல் விரிவுரையாளர்): கையில் இருந்து காசு போகாதபோது அந்தத் தேர்வுக்கு என்ன மதிப்பு?

நியாயமான சந்தேகம். நியூசிலாந்தில் முப்பரிமாண மாதிரி சூப்பர்மார்க்கெட்டில் வாங்கியதையும், அதே ஆட்களின் நிஜக் கடை ரசீதுகளையும் ஒப்பிட்டார்கள். பெருமளவு ஒத்துவந்தது, சில உணவு வகைகளில் விலகியது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் வாரன் பிக்கல் குழுவினர் நடத்திய மாதிரிப் புகையிலைக் கடையில் வழி இன்னும் கறார். அவரவர் வழக்கமாகச் செலவழிக்கும் தொகைக்கு ஏற்பக் கணக்கில் பணம் வைத்து, சிகரெட் விலையைப் படிப்படியாக ஏற்றினார்கள். பல சுற்றுகளில் ஏதோ ஒன்று குலுக்கலில் நிஜமாகும், அதில் எடுத்தது கைக்கு வந்துவிடும். எந்தச் சுற்று என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாச் சுற்றிலும் ஒழுங்காக யோசிப்பார்கள். உங்களுக்கு அவ்வளவு நிதி இல்லையென்றால், நூறில் ஐந்து பேருக்கு மட்டும் குலுக்கலில் அவர்கள் கூடையை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: நிஜ பிராண்டா, கற்பனைப் பெயரா?

லேபிள் படிக்கிறார்களா என்பது கேள்வி என்றால் நிஜம். விலையோ வரிசையோ கேள்வி என்றால் கற்பனை. இல்லாவிட்டால் அம்மா காலத்திலிருந்து வாங்கும் மஞ்சள்தூள் பாக்கெட் உங்கள் ஆய்வை விழுங்கிவிடும். இணையக் கடைகளிலிருந்து படத்தைச் சுடாதீர்கள். 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' தளத்தில் திறந்த உரிமத்தில் படங்கள் கிடைக்கும். நாங்கள் ஒருமுறை தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டு, கூட்டமில்லாத மதியத்தில் அறுபது பொருளைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

கேள்வி: தமிழில் கடை நடத்தினால் தனிச் சிக்கல் உண்டா?

தேடல். துவரம் பருப்பை 'தோரம்பருப்பு', 'தொவரம் பருப்பு', வெறும் 'பருப்பு' என்று தட்டுவார்கள். பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். இதையெல்லாம் சேர்த்து மாற்றுப்பெயர்ப் பட்டியல் போடாவிட்டால், 'பொருள் கிடைக்கவில்லை' என்ற பக்கத்தையே விருப்பமின்மை என்று தப்பாக எண்ணிவிடுவீர்கள்.

கேள்வி: 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று பொய்யாகக் காட்டி ஆராயலாமா?

வாங்குபவரை ஏமாற்றித் தள்ளும் இப்படிப்பட்ட வடிவமைப்பைத்தான் டார்க் பேட்டர்ன் என்கிறார்கள். 2019இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் சுமார் 11,000 கடைத் தளங்களை அலசி, இப்படி 1,818 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பட்டியலிட்டது. பொய் அவசரம் அதில் ஒன்று, கேட்காமல் கூடைக்குள் பொருளை நுழைப்பது இன்னொன்று. ஆய்வில் செய்யலாம், ஆனால் உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி முன்பே வேண்டும். முடிந்தவுடன் 'அது பொய்' என்று பங்கேற்றவரிடம் சொல்லி, தரவை நீக்கச் சொல்லும் உரிமையும் கொடுக்க வேண்டும். கார்டு எண் கேட்கும் கட்டத்தை ஒப்புக்குக்கூட வைக்காதீர்கள். நிஜ எண்ணை அடித்துவிட்டுப் போவார்கள்.

கேள்வி: எவ்வளவு நாள் ஆகும்?

கடை இரண்டு வாரம், பொருள் பட்டியல் ஒரு மாதம். விலைகளை ஒரே நாளில் எடுத்து, தேதியையும் எழுதி வையுங்கள், முக்கியமாகத் தக்காளிக்கு.