நட்டம் வந்தாலே நிர்வாகச் சீர்கேடு ஆகிவிடுமா?

கேள்வி: அப்பா தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் அண்ணனுக்கு 60 சதவீதம், எனக்கு 25, தங்கைக்கு 15 சதவீதப் பங்குகள். அண்ணனும் அண்ணியும் மட்டுமே இயக்குநர்கள். நான்கு ஆண்டுகளாக நட்டம். நான் வேண்டாம் என்று சொல்லியும் கடன் வாங்கி நிட்டிங் மெஷின்கள் வாங்கினார்; அவை சும்மா கிடக்கின்றன. இரண்டரை ஆண்டுக்கு முன் கம்பெனி குடோனை அண்ணியின் தொழிலுக்குச் சொற்ப வாடகைக்கு விட்டார். இரண்டு வருடமாக ஆண்டுப் பொதுக்கூட்டமே இல்லை. மிஸ்மேனேஜ்மென்ட் என்று வழக்குப் போட முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் முதலில் எழுதியிருக்கும் மெஷின் விவகாரத்தை நம்பிப் போடாதீர்கள். அதில் தோற்பீர்கள்.

தவறான நேரத்தில் மெஷின் வாங்குவது மோசமான வியாபார முடிவு. அதற்காக மட்டும், இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் தலையிடாது. நீலகிரி மாவட்டம் கேத்தியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி வழக்கில் 1981-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இயக்குநர் விவேகமின்றி, திறமையின்றி, கவனக்குறைவாக நடந்தார் என்பது மட்டும் பங்குதாரரை ஒடுக்கியதாக ஆகாது. நடத்தையில் நேர்மை இல்லை என்று காட்ட வேண்டும். தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டது குறித்த டாடா சன்ஸ் வழக்கிலும் 2021-இல் நிர்வாகத்தில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

உங்கள் வழக்கின் உயிர் குடோனில் இருக்கிறது. கம்பெனி சொத்தை இயக்குநரின் உறவினருக்கு வாடகைக்கு விடுவது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 188-ஆம் பிரிவுக்குள் வரும். வெளியாருக்கு விடுவது போன்ற நியாயமான வாடகையும் வழக்கமான வியாபாரமும் என்றால் விலக்கு உண்டு. சொற்ப வாடகைக்கு அந்த விலக்கு கிடைக்காது. இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், தங்கள் சொந்த நலனை இயக்குநர்கள் அதில் தெரிவித்திருக்கவும் வேண்டும். கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதுதான் 241-ஆம் பிரிவு மனுவின் (ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேட்டுக்கு எதிரான மனு) மையமாக இருக்க வேண்டும். பொதுக்கூட்டம் நடத்தாததும், கணக்கை மறைத்திருந்தால் அதுவும், அதற்குத் துணை நிற்கும்.

சந்தை வாடகையை நிரூபிப்பது உங்கள் வேலை. அதே தெருவில் உள்ள குடோன்களின் பதிவு செய்த குத்தகைப் பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். வில்லங்கச் சான்றில் அவை தெரியும்.

நீங்கள் இயக்குநர் இல்லை என்பதால் வவுச்சர், லெட்ஜர் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பலர் இங்கேதான் மாதக்கணக்கில் ஆடிட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் உரிமை வேறு: நிதிநிலை அறிக்கை, உறுப்பினர் பதிவேடு, பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. இவற்றை ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடாச் சான்றோடு கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் தபால் ரசீதே சாட்சி.

அதே நாளில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டிக் கம்பெனியின் ஆவணங்களைப் பாருங்கள். படிவம் பாஸ்-3 (புதிய பங்கு ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் படிவம்) இருந்தால் மிகக் கவனமாகப் படியுங்கள். புதிய பங்குகளை அண்ணன் தன் பெயரில் ஒதுக்கியிருந்தால், உங்கள் 25 சதவீதம் உங்களுக்குத் தெரியாமலேயே சுருங்கியிருக்கும். குடும்பக் கம்பெனிகளில் ஆகப் பெரிய அநியாயம் இதுதான். அப்படி நடந்திருந்தால் வழக்கின் முதல் பத்தியில் அதுதான் வர வேண்டும். கம்பெனிச் சொத்தை அடகு வைத்த விவரம் சிஎச்ஜி-1 படிவத்தில் கிடைக்கும்.

மனுச் செய்யும் தகுதி பற்றிக் கவலை வேண்டாம். பங்கு முதலில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் (244-ஆம் பிரிவு). உங்களிடம் அதற்கு மேல் இருக்கிறது. தங்கையின் ஒப்புதல் தேவையில்லை, வந்தால் நல்லது.

மனு போக வேண்டிய இடம் சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். திருப்பூர் சிவில் கோர்ட்டில் போட்டால், இந்த விவகாரங்களில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்னும் 430-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஒரு வருடம் வீணாகும். போலீஸ் புகாரை முதல் அடியாக வைக்காதீர்கள். மனுவில் அம்மா வைத்தியச் செலவு, கல்யாணச் சண்டை எதையும் எழுத வேண்டாம். எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் 'இது குடும்பத் தகராறு' என்று சொல்லவே அது உதவும்.

மனுச் செய்யக் காலக்கெடு மூன்று ஆண்டு. குடோன் விஷயத்தில் இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. மாதாமாதம் தொடரும் தவறு என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். மனுவோடு சேர்த்தே, சொத்தை விற்கவும் புதிய பங்கு வெளியிடவும் கூடாதென 242(4)-இன்கீழ் இடைக்கால உத்தரவு கேளுங்கள். பின்னால் கேட்டால், அதற்குள் குடோனே கைமாறியிருக்கலாம்.

கடைசியில் என்ன கேட்பது? 242-ஆம் பிரிவின்படி அண்ணனைப் பதவியிலிருந்து நீக்கவும், முறையற்ற ஆதாயத்தைத் திருப்பி வசூலிக்கவும் கோரலாம். ஆனால் 60 சதவீதம் அவரிடமே இருக்கும்வரை நீக்கம் நிலைக்காது என்பது என் கருத்து. உங்கள் பங்குகளை அவரோ கம்பெனியோ வாங்கிக்கொள்ள உத்தரவிடக் கேளுங்கள். விலையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கட்டும். மதிப்பீட்டுத் தேதியாக குடோன் குத்தகைக்கு முந்தைய நாளைக் கோருங்கள். கிடைக்காவிட்டால், இழந்த வாடகையைக் கம்பெனியின் வரவாகக் கூட்டிக் கணக்கிடும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.